கிறிஸ்தவ பூரணமும் கிறிஸ்துவின் மாதிரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு நிலைப்பாடு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூரணம் என்றதும் தப்பே பண்ணாத ஆள் ஒருவர் நம் மனதில் வந்து நிற்கிறார். அவரைப் பார்த்து ஒன்று பயந்து ஒதுங்குகிறோம், இல்லையென்றால் அவராக நடிக்கத் தொடங்குகிறோம். வேதம் பேசுவது அன்பு எதுவரை போகிறது என்பதைப் பற்றி என்று வாசித்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம். சபைகள் ஒத்துப்போகாத இடங்களில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

"பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்" என்கிறாரே இயேசு, மனுஷனால் ஆகிற காரியமா இது?

மத்தேயு 5:48ஐ மட்டும் தனியே பிய்த்தெடுத்து வாசித்தால் மலைப்பாகத்தான் இருக்கும். பரலோகத்திலிருக்கிற பிதா எப்படியோ அப்படியே நீங்களும் இருங்கள் என்றால் யாரால் முடியும்? ஆனால் அது தனியாக நிற்கிற வசனம் இல்லை, அதற்கு முந்தின ஐந்து வசனங்களும் போய் முடிகிற இடம் அது. அங்கே பேச்சு முழுக்கச் சத்துருவைப் பற்றி. பிதா தீயவர்மேலும் நல்லவர்மேலும் ஒரே சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், நீதியுள்ளவர் அநீதியுள்ளவர் என்று பார்க்காமல் மழையைத் தருகிறார், உங்களைச் சிநேகிக்கிறவர்களையே நீங்களும் சிநேகித்தால் அதில் என்ன இருக்கிறது, அதை ஆயக்காரரும் (ஊர் வெறுத்த வரி வசூலிப்பவர்கள்) செய்கிறார்களே என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் பிதாவைப்போல இருங்கள் என்கிறார். லூக்கா இதே போதனையைப் பதிவு செய்யும்போது (6:36) அந்த இடத்தில் வருவது, உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல நீங்களும் இரக்கமுள்ளவர்களாயிருங்கள் என்பது. ஆக, எந்த விஷயத்தில் பிதாவைப்போல இருக்கச் சொல்கிறார் என்பது தெளிவு: ஆள் பார்த்து அளக்காத அன்பில்.

இப்படிச் சொன்னதும் கட்டளை லேசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு என்னவோ இன்னும் கடினமாகிவிட்டதாகவே படுகிறது. கெட்ட வார்த்தை பேசாமல், குடிக்காமல், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய், தசமபாகம் கொடுத்து, ஒரு குறையும் இல்லாமல் வாழ்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். உங்களைப் பற்றிப் பொய் பரப்பியவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மனதார ஜெபித்துப் பாருங்கள், எது சுலபம் என்று தெரியும்.

சரி, பாவமே செய்யாமல் இந்த உலகத்தில் வாழ முடியுமா முடியாதா?

இந்த ஒரு கேள்விக்காகச் சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கின்றன. யோவானின் முதல் நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அதிகாரத்தில் நமக்குப் பாவமில்லை என்று சொன்னால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்கிறார். ஒரே ஆள், ஒரே நிருபம். பாவத்திலேயே தொடர்ந்து வாழ்வதைத்தான் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது, முதல் அதிகாரம் இடறி விழுவதைச் சொல்கிறது என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது, ஆனால் அதோடு பிரச்சினை முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பதினாறாம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் வழி வந்தவர்கள், விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்பார்கள். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் மரபின் நிலையை 1647இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது: வீழ்ச்சிக்குப் பின் வெறும் மனிதன் எவனும் இந்த வாழ்வில் கற்பனைகளைப் பூரணமாகக் கைக்கொள்ள முடியாது, நினைவிலும் சொல்லிலும் செயலிலும் தினமும் மீறுகிறான். கத்தோலிக்கத் திருச்சபை, கிருபையின் உதவியால் சாவான பாவத்தை (தேவனோடுள்ள உறவையே முறிக்கிற பெரிய பாவத்தை) தவிர்க்க முடியும், ஆனால் கடவுளின் தனிச் சலுகை இல்லாமல் வாழ்நாள் முழுவதும் எல்லா அற்பப் பாவங்களையும் (அந்த உறவை முறிக்காத சிறு பாவங்களையும்) தவிர்க்க முடியாது என்கிறது. அப்புறம் வெஸ்லி. அவருக்குத் தனிக் கேள்வியே ஒதுக்க வேண்டும்.

ஜான் வெஸ்லி "இந்த வாழ்விலேயே பூரணம் உண்டு" என்றாராமே?

ஆமாம், அதற்காக வாழ்நாள் முழுவதும் திட்டு வாங்கினார். 1703இல் பிறந்து 1791இல் இறந்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இந்த ஆங்கிலேயப் போதகர், இருபதுகளில் ஜெரமி டெய்லர், தாமஸ் அ கெம்பிஸ், வில்லியம் லா ஆகியோரின் பக்தி நூல்களை வாசித்து, தேவனுக்குப் பாதி மனதைக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1766இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் சொன்ன பூரணம், முழு இருதயத்தோடு தேவனை நேசிப்பதும் தன்னைப்போல் பிறனை நேசிப்பதும்தான். அறியாமை போகாது, தப்புக் கணக்குப் போடுவது போகாது, உடல் பலவீனம் போகாது, சோதனையும் போகாது என்று அவரே அடுக்கிச் சொல்லியிருக்கிறார். தெரிந்தே, மனமறிந்து தேவ கட்டளையை மீறுவதைத்தான் பாவம் என்று கறாராக அழைக்கலாம் என்றும், தெரியாமல் நேர்ந்த மீறலுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் தேவைதான் என்றும் சொன்னார்.

எதிராளிகள் கேட்டது நியாயமான கேள்வி. பாவம் என்பதற்கு இவ்வளவு குறுகிய வரையறை கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பாவமில்லாதவர் ஆகிவிடலாமே? நம்மைப் பற்றி நமக்கே தெரியாத அழுக்கு எவ்வளவோ இருக்கிறதே? நான் இந்தக் கேள்வியில் எதிராளிகள் பக்கம். ஆனால் வெஸ்லி பிடித்துக்கொண்டிருந்த இன்னொன்றை விட்டுவிட மனமில்லை: தேவன் உன்னை முழுவதும் மாற்ற வல்லவர் என்பதற்கு முன்கூட்டியே எல்லை கட்டாதே என்றார். "நாம எல்லாரும் பாவிங்கதானே" என்று சொல்லிக்கொண்டு மனைவியிடம் கத்துவதை நியாயப்படுத்துகிறவருக்கு இது தேவையான அடி.

தான் அந்த நிலையை அடைந்துவிட்டதாக வெஸ்லி உரிமை கொண்டாடவில்லை. அவருடைய தம்பி சார்ல்ஸ் வெஸ்லியே போகப்போக அண்ணனோடு ஒத்துப்போகவில்லை, அது மரண வாசலில் கிடைக்கிற வரம் என்ற பக்கம் சாய்ந்தார்.

பவுல் தான் பூரணன் என்றாரா, இல்லை என்றாரா?

பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் இரண்டும் இருக்கிறது. நான் முற்றும் தேறினவனானேன் என்று எண்ணவில்லை, ஆசையாய்த் தொடருகிறேன் என்கிறார். மூன்று வசனம் தள்ளி, நம்மில் தேறினவர்கள் யாவரும் இந்தச் சிந்தையாயிருக்கக்கடவோம் என்கிறார். இன்னும் எட்டவில்லை என்று அறிந்து ஓடிக்கொண்டிருப்பதைத்தான் அவர் தேறின நிலை என்கிறார் என்று நான் வாசிக்கிறேன். நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரியார் இதே அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, நற்குணத்துக்கு எல்லை கிடையாது, ஆகவே வளர்ந்துகொண்டே இருப்பதுதான் மனிதனுக்குரிய பூரணம் என்றார். மறுமையில்கூட அந்த வளர்ச்சி நிற்காது என்பது அவர் கருத்து.

கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்றால் அவர் செய்ததையெல்லாம் செய்வதா? கல்யாணம் செய்யாமல், வீடில்லாமல், நாற்பது நாள் உபவாசம் இருந்து?

இதற்குப் பதில் தேட ஒரு நல்ல வழி, அப்போஸ்தலர்கள் அவருடைய மாதிரியை எந்தெந்த இடத்தில் எடுத்துக்காட்டினார்கள் என்று பார்ப்பது. ரோமர் 15இல் பலவீனரைத் தாங்குங்கள் என்று சொல்லும்போது, கிறிஸ்துவும் தமக்கே பிரியமாய் நடக்கவில்லை என்கிறார் பவுல். ஏழைச் சபைக்குப் பணம் சேர்க்கும்போது (2 கொரிந்தியர் 8:9), ஐசுவரியமுள்ளவர் நமக்காகத் தரித்திரரானார் என்கிறார். ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டிருந்த பிலிப்பி சபைக்கு, தம்மைத் தாமே வெறுமையாக்கின கிறிஸ்துவின் சிந்தை உங்களிலும் இருக்கக்கடவது என்கிறார். பேதுரு, அவர் வையப்படும்போது பதில் வையாமலிருந்ததைச் சொல்லி, அந்த அடிச்சுவடுகளைத் தொடரச் சொல்கிறார். யோவான் 13இல் இயேசுவே கால்களைக் கழுவிவிட்டு, உங்களுக்கு மாதிரியைக் காண்பித்தேன் என்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1 கொரிந்தியர் 7இல் பவுல் கல்யாணம் செய்யாமலிருப்பது நல்லது என்று நீளமாக வாதாடுகிறார். இயேசுவும் அப்படித்தானே இருந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாதம் அங்கேயே ஜெயித்திருக்கும். சொல்லவில்லை! தச்சு வேலையையும் யாரும் மாதிரியாகக் காட்டவில்லை. அவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒரே இடத்தில், தன் உரிமையை மற்றவருக்காக விட்டுக்கொடுத்த இடத்தில்.

ஒவ்வொருவர் நிலைக்கும் தக்கபடி இது மாறும் என்பதைப் கத்தோலிக்க ஆயர் பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியிட்ட நூலில் அழகாகச் சொல்லியிருப்பார்: ஆயர் ஒருவர் துறவியைப்போலத் தனிமையில் அடைந்துகொள்வதும், குடும்பஸ்தர் ஏழ்மையை விரதமாக ஏற்ற கப்புச்சின் சபைச் சந்நியாசியைப்போலக் காசே சேர்க்காமல் இருப்பதும் பக்தி ஆகாது என்கிறார்.

அவர் தேவகுமாரன். அவரால் முடிந்தது என்னால் எப்படி முடியும்?

அவருக்கு எல்லாம் சும்மா வந்தது என்ற நினைப்பு இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. எபிரெயர் நிருபம் அப்படிப் பேசவில்லை. நம்மைப்போல் எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டார் என்கிறது (4:15), பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது (5:8). பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டது நாடகம் இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் இதற்காக இரத்தமே சிந்தப்பட்டது. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம், அது தெய்வீகச் சித்தம் என்று பைசாந்தியப் பேரரசும் பல ஆயர்களும் சொன்னபோது, மாக்சிமஸ் என்ற துறவி மறுத்தார். மனித சித்தம் இல்லாதவர் மனித சித்தத்தை எப்படிக் குணமாக்குவார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 662இல் அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள், அதே ஆண்டு இறந்தார். 680-681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டினோப்பிள் பொதுச்சங்கம் அவர் சொன்னதையே ஏற்றுக்கொண்டது: கிறிஸ்துவுக்குத் தெய்வ சித்தமும் உண்டு, மனித சித்தமும் உண்டு. வறட்டு இறையியல் சண்டை மாதிரித் தெரியும், ஆனால் யோசித்துப் பாருங்கள். நம்மைப்போன்ற ஒரு சித்தம் அவருக்குள் இல்லாதிருந்தால் அவரைப் பின்பற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

முன்மாதிரி இருக்கிறதே, முயற்சி செய்தால் போதாதா? கிருபை எதற்கு?

பெலாஜியஸ் என்ற போதகர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமில் கிறிஸ்தவர்கள் கிருபையைச் சாக்கு வைத்துச் சோம்பலாக வாழ்வதைப் பார்த்துக் கடுப்பானவர் அவர். கோபம் சரிதான், மருந்துதான் சரியில்லை. மாதிரியைப் பார், கட்டளையைப் பார், செய், உன்னால் முடியும் என்ற அவருடைய போதனையை வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் எதிர்த்தார், 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. எதைச் செய்ய வேண்டும் என்று காட்டுவதோடு கிருபை நின்றுவிடுவதில்லை, அதை விரும்பவும் செய்யவும் பலம் தருவதும் கிருபையே என்பது சங்கத்தின் முடிவு. லூத்தர் பிற்பாடு இதை வரிசைப்படுத்தினார்: கிறிஸ்துவை முதலில் ஈவாகப் பெற்றுக்கொள், மாதிரியாக அப்புறம் எடுத்துக்கொள்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நன்றாக நடந்த வாரம் பெருமை, சறுக்கின வாரம் விரக்தி.

பணக்கார வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்றுக்கொடு என்றாரே, நானும் விற்க வேண்டுமா?

"நீ பூரண சற்குணனாயிருக்க விரும்பினால்" என்றுதான் அந்த வாக்கியம் தொடங்குகிறது (மத்தேயு 19:21), அதனால் இந்தக் கேள்வி இங்கே வந்தே தீரும். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் அந்தோனியார் ஆலயத்தில் இந்த வசனம் வாசிக்கப்படுவதைக் கேட்டுவிட்டு, அப்பன் விட்டுப்போன நிலத்தைக் கொடுத்துவிட்டு வனாந்தரத்துக்குப் போனார். இப்படிப் போனவர்கள்தான் பூரணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், மற்றவர்களுக்குக் கட்டளைகள் போதும் என்ற எண்ணம் பல நூற்றாண்டு நிலவியது. சீர்திருத்தவாதிகள் அதை ஏற்கவில்லை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருச்சபையைப் பற்றிய தன் ஆவணத்தில், எந்த நிலையில் வாழும் விசுவாசியும் கிறிஸ்தவ வாழ்வின் நிறைவுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார் என்று தெளிவாகவே சொன்னது.

சகேயு என்ற பணக்கார ஆயக்காரன் பாதி ஆஸ்தியைக் கொடுத்தபோது மீதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. ஆனால் "அது அந்த வாலிபனுக்கு மட்டும் சொன்னது" என்று படு வேகமாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

கொடுமையைப் பொறுத்துக்கொண்டு இருப்பதுதான் கிறிஸ்துவின் மாதிரி என்று சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. அடிக்கிற கணவனோடு, கொடுமைப்படுத்துகிற மேலாளரோடு, அத்துமீறுகிற ஊழியரோடு சகித்துக்கொண்டு இரு, அதுதான் சிலுவை என்று போதிப்பது வேதத்தைத் தப்பாகக் கையாள்வது. பேதுருவின் வசனங்களைத்தான் இதற்கு எடுப்பார்கள். அது வீட்டு அடிமைகளுக்கு எழுதப்பட்ட பகுதி, விட்டுப்போக வழியே இல்லாதவர்களுக்குச் சொன்ன ஆறுதல். வழி இருக்கிறவரைப் பூட்டி வைக்க அதை எடுக்கக்கூடாது.

இயேசுவின் நடத்தையையே முழுதாகப் பாருங்கள். கல்லெறிய வந்தபோது மறைந்து போனார் (யோவான் 8:59). மலையிலிருந்து தள்ள வந்தபோது அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார் (லூக்கா 4:30). விசாரணையில் ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தகாதவிதமாய்ப் பேசியிருந்தால் ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). சிலுவைக்குப் போனது அவரே தெரிந்துகொண்ட பாதை, என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளான் என்று முன்கூட்டியே சொன்னவர் அவர். பவுலும் சாட்டையால் அடிக்கக் கட்டினபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார், பிற்பாடு இராயனுக்கே (ரோமப் பேரரசருக்கே) மேல்முறையீடு செய்தார். மன்னிப்பதும் காவல்துறையில் புகார் கொடுப்பதும் ஒன்றோடொன்று மோதுகிற காரியங்கள் இல்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், மன்னிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். நான் உண்மையான விசுவாசிதானா?

விழுவது உங்களுக்கு வலிக்கிறதா? வலித்தால் உயிர் இருக்கிறது. ஏழு எழுபதுதரமட்டும் மன்னிக்கச் சொன்னவர் தாம் அதைவிடக் குறைவாக மன்னிப்பார் என்று நினைப்பது விசித்திரம். அதே சமயம், மனதுக்குள் அழுவதோடு நிறுத்திவிடாமல் நம்பகமான ஒருவரிடம் பேர் சொல்லி அந்தப் பாவத்தைச் சொல்லுங்கள், யாக்கோபு 5:16 சொல்வது அதைத்தான். தனியாகப் போராடுகிறவரைக்கும் தோற்ற பலர், இன்னொருவருக்குத் தெரிந்தபின் மீண்டிருக்கிறார்கள். போதைப் பழக்கம் மாதிரி விஷயம் என்றால் மருத்துவ உதவியும் சேரட்டும்.

எனக்கு நேரெதிர்ப் பிரச்சினை. எதைச் செய்தாலும் பாவமோ என்று பயம், அறிக்கை செய்ததையே திரும்பத் திரும்ப அறிக்கை செய்கிறேன்.

இயேசு சபையைப் பிற்பாடு நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மான்ரேசாவில் தங்கியிருந்தபோது இதில் மாட்டிக்கொண்டார், உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனது. கடைசியில் பழைய பாவங்களை இனி அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானித்து அதிலிருந்து வெளியே வந்தார். பக்தி மிகுந்தவர்களுக்கு வருகிற வேதனை இது, பக்தியின் அடையாளம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தன்னையே இருபத்துநான்கு மணி நேரமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுவதில்லை, கிறிஸ்துவின் மாதிரியோ பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வைப்பது. எண்ணங்கள் நிற்கவே இல்லை, தினசரி வாழ்க்கை முடங்குகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை.

"இயேசு என்ன செய்வார்?" என்று கேட்டுக்கொள்வது உதவுமா?

ஓரளவு. 1896இல் சார்ல்ஸ் ஷெல்டன் என்ற அமெரிக்கப் போதகர் கதையாகச் சொன்ன பிரசங்கங்களிலிருந்து பரவிய கேள்வி அது, 1990களில் கைப்பட்டையில் எழுத்தாகவும் வந்தது. சிக்கல் என்னவென்றால், சுவிசேஷங்களை வாசிக்காதவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் தனக்குப் பிடித்த பதிலை இயேசுவின் வாயில் போட்டுவிடுவார். முதலில் அவர் என்ன செய்தார் என்று தெரியட்டும். மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

உங்களுக்குப் பிடிக்காத ஒரே ஒரு ஆளிடமிருந்து. மத்தேயு 5 அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அவர் பேரைச் சொல்லி தினமும் ஜெபியுங்கள், அவர் திருந்த வேண்டும் என்று இல்லாமல் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று. முதல் நாட்களில் வார்த்தை வாயில் ஒட்டாது, பரவாயில்லை. அவருக்கு உதவி தேவைப்படும் நேரம் வந்தால் செய்யுங்கள், அதை யாருக்கும் சொல்லாதீர்கள். இதற்கு மேல் பெரிய திட்டம் வேண்டுமென்றால் வேண்டிய நூல்கள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு ஆளே சில வருஷங்களுக்குப் போதும்.

ஒருவர் தான் பூரண பரிசுத்தம் அடைந்துவிட்டதாகச் சொல்கிறார். நம்பலாமா?

1760களின் தொடக்கத்தில் வெஸ்லியின் லண்டன் கூட்டத்திலேயே இப்படிச் சிலர் கிளம்பினார்கள். ஜார்ஜ் பெல் என்ற முன்னாள் சிப்பாய் பூரணத்தைப் பற்றி வரம்பில்லாமல் பேசிக்கொண்டிருந்து, கடைசியில் 1763 பிப்ரவரி 28இல் உலகம் முடிந்துவிடும் என்று அறிவித்தார். வெஸ்லி அந்த நாளிலேயே அதற்கு எதிராகப் பிரசங்கம் செய்யும்படி ஆயிற்று. இந்தக் குழப்பத்தால் ஒரு கூட்டமே சபையை விட்டுப் பிரிந்து போனது.

ஆகவே அவர் மேடையில் சொல்வதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். திருத்தினால் கேட்டுக்கொள்கிறாரா, பணக் கணக்கை மற்றவர்கள் பார்க்க விடுகிறாரா, தன்னை விட்டுப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். முடிந்தால் அவர் வீட்டில் இருப்பவர்களையும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களையும் அவர் இல்லாத நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.